"பூச்சி தெரிஞ்சா பாத்துக்கலாம்" என்பவர்களுக்கு

பழைய புதுச்சேரிக் கதைகளாகவே எழுதிக்கொண்டிருந்தேன். இன்று ஒரு சண்டை. யாரோடு என்றால், வீட்டில் நாய் வளர்த்துக்கொண்டு, அதற்குக் கடைசியாக எப்போது பூச்சி மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டால், "பூச்சி ஒண்ணும் தெரியலையே, தெரிஞ்சா பாத்துக்கலாம்" என்று பதில் சொல்கிறார்களே, அவர்களோடு. இதைப் படிக்கிறவர்களிலும் சிலர் அந்தப் பதிலைச் சொல்லியிருப்பீர்கள். கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

என் வாதம் சுருக்கமானது. நாயின் உடம்பில் வாழும் புழுக்களில், நாம் கண்ணால் பார்ப்பது பெரும்பாலும் அதிகம் கெடுதல் செய்யாதது. உயிருக்கு உலை வைப்பவை கண்ணில் படுவதில்லை. ஆகவே பூச்சி மருந்தைத் தேதி பார்த்துக் கொடுக்க வேண்டும், பூச்சியைப் பார்த்து அல்ல. இன்னொன்று, இது உங்கள் வீட்டு விஷயம் மட்டுமல்ல, தெருவின் விஷயம்.

நம் வயதுக்காரர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. நம்மை வளர்த்தவர்கள் பூச்சி தெரியும் வரை காத்திருந்தார்களா? எங்கள் வீட்டில் பள்ளி விடுமுறை வந்தால் ஒரு நாள் விடியற்காலையில் பாட்டி விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்பார். மூக்கைப் பிடித்து ஊற்றிவிடுவார். அன்று முழுக்க ரசம் சாதம்தான். "எனக்குப் பூச்சி இல்லை" என்று அழுதால், "இருந்தா உன்கிட்ட சொல்லிட்டா வரும்?" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் இந்தப் பதிவு முழுவதும் அடங்கிவிடுகிறது. நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அங்கே இதற்கு 'வெர்மிஃப்யூழ்' என்று பெயர். 'வெர்' என்றால் புழு, 'ஃப்யூழ்' என்றால் ஓட்டுவது. பாட்டிக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆசிரியருக்கு விளக்கெண்ணெய் தெரியாது. ஆனால் காத்திருக்கக் கூடாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

இன்றைய அரசும் அதைத்தான் செய்கிறது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று ஒன்று நடக்கிறது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று ஆண்டுக்கு இருமுறை, ஒரு வயது முதல் பத்தொன்பது வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். உன் வயிற்றில் பூச்சி தெரிந்ததா என்று யாரும் எந்தப் பிள்ளையையும் கேட்பதில்லை. பேரனுக்கு அந்த மாத்திரை கொடுத்தார்களா என்று பள்ளி வாசலில் விசாரிக்கும் அதே தாத்தா, அந்தப் பேரன் கட்டிப் புரளும் நாய்க்கு மட்டும் "தெரிஞ்சா பாத்துக்கலாம்" என்றால் என்ன நியாயம்?

சரி, என்னதான் தெரிகிறது என்று பார்ப்போம். நாயின் வாலுக்கடியிலோ படுக்கையிலோ வெள்ளரி விதை மாதிரி, காய்ந்தால் அரிசி மாதிரி சில துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சில நேரம் நெளியும். இது ஒரு வகை நாடாப்புழுவின் துண்டு. தெள்ளுப்பூச்சியை நாய் கடித்து விழுங்கும்போது வயிற்றுக்குள் போகிறது. பார்க்க அருவருப்பு. ஆனால் வளர்ந்த நாய்க்கு இதனால் பெரிய சேதம் இல்லை. நம் ஆட்கள் பதறிப்போய் மருந்துக்கு ஓடுவது இதைப் பார்த்துத்தான். காவல் நிலையத்தில் சில்லறைத் திருடனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுக் கொலைகாரனைத் தெருவில் விட்ட கதை.

கொலைகாரன் யார்? முதலாமவன் கொக்கிப்புழு. ஒரு சென்டிமீட்டரைச் சுற்றித்தான் நீளம். குடலின் சுவரைப் பல்லால் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. மலத்தோடு வெளியே வருவது முட்டைதான், அதைப் பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டும். தாய் நாயின் தசைக்குள் இதன் இளம்புழுக்கள் சத்தமில்லாமல் உறங்கிக்கொண்டிருக்கும். குட்டி போட்டதும் விழித்துப் பாலில் இறங்கிவிடும். குட்டி முதன்முதலாகக் குடிக்கும் பாலிலேயே எமன்.

எழுத்தராக இருந்தவன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஒரு கொக்கிப்புழு ஒரு நாளைக்குச் சுமார் 0.1 மில்லி ரத்தத்தைக் குடிக்கிறது. ஒரு குட்டியின் குடலில் நூறு புழு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 10 மில்லி. ஒரு கிலோ எடையுள்ள குட்டியின் உடம்பில் மொத்த ரத்தமே 80, 90 மில்லிதான். இந்தப் பற்று வரவு எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். இதைவிட மோசமான செய்தி, குட்டி இரண்டு மூன்று வாரத்தில் சாகும் நேரத்தில் மலத்தில் முட்டைகூட வரத் தொடங்கியிருக்காது. அதாவது பரிசோதனைக்குக் கொண்டுபோனாலும் காகிதத்தில் "ஒன்றுமில்லை" என்று வரக்கூடும். கண்ணை நம்புகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

எங்கள் தெருவில் நடந்தது சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் நாய் ஐந்து குட்டி போட்டது. கொழுகொழுவென்று இருந்தன. பதினைந்தாம் நாள் ஒன்று சுருண்டது. ஈறு வெள்ளைக் காகிதம் போல வெளுத்திருந்தது, மலம் தார் மாதிரிக் கறுத்திருந்தது. அடுத்தடுத்து இன்னும் இரண்டு போயின. தாய்க்குப் பால் சேரவில்லை என்றார்கள், கண்ணேறு என்றார்கள், எலுமிச்சம்பழம் கட்டினார்கள். நான்காவது நாள் அந்த வீட்டுப் பெண் மிச்சம் இருந்த இரண்டையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினாள். மருத்துவர் ஈறைப் பார்த்த உடனே சொல்லிவிட்டாராம். அந்த இரண்டும் பிழைத்தன. செத்த மூன்றுக்கும் தேவைப்பட்டது பதினான்காம் நாளில் சில சொட்டு மருந்து. அந்தப் பெண் என்னிடம், "ஐயா, கண்ணே தொறக்காத குட்டிக்கு யாராவது பூச்சி மருந்து குடுப்பாங்களா?" என்று கேட்டாள். கொடுக்க வேண்டும் அம்மா. அதைத்தான் யாரும் உனக்குச் சொல்லவில்லை. இப்போது ஊருக்கே சொல்கிறேன்.

இரண்டாவது உருளைப்புழு. இது பாலுக்குக்கூடக் காத்திருப்பதில்லை, தாயின் வயிற்றிலேயே குட்டிக்குள் போய்விடுகிறது. பிறக்கும்போதே புழுவோடு பிறக்கும் குட்டிக்கு "தெரிஞ்சா பாத்துக்கலாம்" என்றால், தெரியும் நேரத்தில் வயிறு பானை மாதிரி உப்பி, வாந்தியில் நூல் நூலாக வந்துகொண்டிருக்கும். ஒரு பெண் புழு ஒரு நாளில் லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டை போடக்கூடியது. இங்கேதான் தெருவின் கதை தொடங்குகிறது.

இந்த முட்டை புதிதாக விழுந்தபோது யாரையும் ஒன்றும் செய்யாது. மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து, உள்ளே கரு வளர்ந்த பிறகுதான் தொற்றும். அதன்பின் வருடக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். ப்ளீச்சிங் பவுடர் போட்டாலும் சாகாது. இதன் பொருள் என்ன? உங்கள் நாய் தெருவில் இருந்ததை அன்றே எடுத்துவிட்டால் அந்த மண்ணில் முட்டை சேராது. விட்டுவிட்டால் மூன்று வாரம் கழித்து ஆபத்து, அதற்குள் மழையில் கரைந்து மலம் இருந்த அடையாளமே மறைந்திருக்கும். சுத்தமான மண் என்று நினைத்துப் பிள்ளை அங்கே உட்கார்ந்து வீடு கட்டும், கையை வாயில் வைக்கும்.

உள்ளே போன முட்டை பொரிந்து, இளம்புழு பிள்ளையின் ஈரலிலும் நுரையீரலிலும் வழி தெரியாமல் அலையும். சில நேரம் கண்ணுக்குள் போய்விடும். 1950-ல் அமெரிக்காவில் ஹெலனார் வைல்டர் என்ற பெண்மணி, குழந்தைகளிடமிருந்து அகற்றப்பட்ட 46 கண்களை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தார். அவற்றில் பல புற்றுக்கட்டி என்ற சந்தேகத்தில் எடுக்கப்பட்டவை. 24 கண்களில் அவர் கண்டது புழுவை, அல்லது புழு இருந்த தடத்தை. அவற்றில் சில நாயின் உருளைப்புழுதான் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். இதை எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது. "என் நாய், என் வீடு, உனக்கென்ன?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். உங்கள் நாயின் வயிற்றில் இருப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கண்ணில் முடியலாம்.

கொக்கிப்புழுவும் மனிதரை விடுவதில்லை. மணலில் கிடக்கும் அதன் இளம்புழு வெறுங்காலைத் துளைத்து நுழையும். மனிதத் தோலுக்கடியில் வழி தெரியாமல் சுற்றும்போது சிவப்பாக, வளைந்து வளைந்து கோடு போட்டது மாதிரி ஒரு தடம் தெரியும், தாங்க முடியாத அரிப்பு. கடற்கரை ஊர்களில் தோல் மருத்துவர்களுக்கு நன்கு பழகிய நோய் இது. வீராம்பட்டினம் மணலில் காலையில் நாயை ஓட விட்டுவிட்டு, அது செய்ததைக் காலால் மணல் தள்ளி மூடிவிட்டு வருகிறவர்களே, நீங்கள் மூடியது அசிங்கத்தை அல்ல. நிழலும் ஈரமும் கொடுத்துப் புழுவை வளர்த்திருக்கிறீர்கள்.

மூன்றாவது, கறிக்கடை வாசலில் காத்திருப்பது. "நாய்க்கு" என்று சொல்லி ஆட்டு நுரையீரல், ஈரல் கழிவுகளை வாங்கிவந்து பச்சையாகப் போடுகிறோம். அவற்றில் நீர்க்கட்டி இருந்தால், அதிலிருந்து நாயின் குடலில் மிகச் சிறிய ஒரு நாடாப்புழு வளரும். சில மில்லிமீட்டர்தான், தேடினாலும் தெரியாது. அதன் முட்டை நம் வாய்க்குள் போனால் நம் ஈரலிலும் நுரையீரலிலும் அதே நீர்க்கட்டி, வருடக்கணக்கில் மெல்ல மெல்லப் பெரிதாகும். கட்டி வெடித்தால் உயிருக்கே ஆபத்து. தடுக்க வழி, கறிக் கழிவை நன்றாக வேகவைத்துப் போடுவது, அல்லது போடாமலே இருப்பது. அதற்கும் சோம்பல் என்றால் நாய் எதற்கு?

நான்காவது புழு மலத்திலும் இல்லை, மண்ணிலும் இல்லை. ரத்தத்தில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள உலகத்தில் யாருக்குச் சிரமம் இருந்தாலும் புதுச்சேரிக்காரனுக்கு இருக்கக் கூடாது. யானைக்கால் பார்த்து வளர்ந்த ஊர் இது. இரவு நேரத்தில் சுகாதாரத் துறை ஊழியர்கள் கதவைத் தட்டி, தூங்குகிற பிள்ளையை எழுப்பி விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். அந்த நுண்புழு இரவில்தான் தோல் பக்கத்து ரத்தத்துக்கு வரும் என்று அப்பா விளக்கியது நினைவிருக்கிறது. 1975-ல் கொசு ஆராய்ச்சிக்கென்றே நம் ஊரில் மத்திய அரசு ஒரு மையம் தொடங்கியது என்றால் நம் சாக்கடைகளின் பெருமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கொசு கடித்தால் புழு வரும் என்பதை நாம் காலில் படித்தவர்கள்.

நாய்க்கும் அப்படியேதான். மனிதரின் யானைக்கால் புழுவுக்கும் முன்னால் நாயின் ரத்தத்தில்தான் நுண்புழு கண்டுபிடிக்கப்பட்டது. 1843-ல் பாரிசில் குரூபி, தெலாஃபோன் என்ற இருவர் நாயின் ரத்தத்தில் நெளியும் நுண்புழுக்களைப் பார்த்து அறிவித்தார்கள். தெலாஃபோன் பாரிசுக்கு அருகே அல்ஃபோர் கால்நடை மருத்துவப் பள்ளியின் பேராசிரியர். மனிதனில் அதே போன்ற நுண்புழுவை 1863-ல் கண்டவரும் பாரிசில் இருந்த தெமார்க்கே என்ற மருத்துவர்தான். நாய்தான் நமக்கு வழி காட்டியிருக்கிறது. நாம்தான் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.

இதயப்புழு என்ற வகை கொசுவால் பரவி, நாயின் நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயிலும் இதயத்தின் வலப்பக்கத்திலும் குடியேறுகிறது. பெண் புழு ஒரு பள்ளி அளவுகோல் நீளம், அதாவது 25, 30 சென்டிமீட்டர். ஐந்து முதல் ஏழு வருடம் வாழும். கொசு கடித்து ஆறு மாதம் கழித்துத்தான் ரத்தத்தில் நுண்புழு தெரியும். இருமல், சோர்வு, வயிறு வீக்கம் எல்லாம் அதற்கும் பிறகு. அப்போது "தெரிஞ்சுடுச்சு" என்று கிளம்பினால், அதற்கான மருந்து ஆர்செனிக் கலந்த ஊசி. செத்த புழுவின் துண்டுகள் ரத்தக் குழாயை அடைத்து, சிகிச்சையிலேயே நாய் போய்விடலாம். ஆனால் முன்கூட்டியே தடுக்க மாதம் ஒரு மாத்திரை போதும்.

இதன் சகோதரன் ஒருவன் தோலுக்கடியில் வாழ்கிறான். நாயிலிருந்து கொசு வழியாக மனிதருக்கும் வருவான். கண்ணின் வெள்ளை விழிக்கு மேலே நெளிகிற புழுவைக் கண் மருத்துவர்கள் எடுத்த செய்திகள் கேரளத்திலிருந்து அடிக்கடி வந்திருக்கின்றன. நம் மாஹே இருப்பது அந்தக் கரையில்தான். உங்கள் நாய்க்கு இந்த மாத மாத்திரை வேண்டுமா என்பதை ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் சொல்லட்டும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியைக் கேளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இனி எதிர்வாதங்கள். எல்லாவற்றையும் நடைப்பயிற்சியில் கேட்டிருக்கிறேன்.

"அருகம்புல் தின்னு அதுவே கக்கிடும்." புல் வாந்தியில் வருவது இரைப்பையில் இருப்பது. கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்விக்கொண்டிருக்கிறது. அது புல்லுக்கு அஞ்சி வெளியே வராது.

"பூண்டு, வேப்பங்கொழுந்து, மஞ்சள் போதும்." வேப்பிலை மேல் எனக்கும் பக்தி உண்டு. ஆனால் வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஏற்கெனவே கொக்கிப்புழுவிடம் ரத்தத்தை இழந்துகொண்டிருக்கும் குட்டிக்குப் பூண்டு அரைத்து ஊட்டுவது, பசியில் இருப்பவனிடம் பாக்கி கேட்பது போல.

"பேரன் பள்ளியில் கொடுத்த மாத்திரையில் பாதி போட்டேன்." இது எனக்கு மிகவும் கோபம் வரும் இடம். மனிதருக்கான அளவு வேறு, நாய்க்கு வேறு. அல்பெண்டசோல் சில நாய்களின் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்திருக்கிறது. நாய்க்கென்று ஃபென்பெண்டசோல், பைராண்டெல், பிராசிகுவாண்டெல் என்று தனி மருந்துகள் எடைக்கணக்கில் இருக்கின்றன. யானைக்காலுக்குக் கொடுத்த டி.இ.சி. மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று எடுத்துப் போட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் நுண்புழு உள்ள நாய்க்கு அதைக் கொடுத்தால் அதிர்ச்சி ஏற்பட்டு நின்ற இடத்தில் விழுந்துவிடக்கூடும்.

"மாட்டுக்குப் போடுற ஊசி, ஒண்ணு போட்டா உண்ணி, பூச்சி எல்லாம் போயிடும்." ஐவர்மெக்டின் பற்றிச் சொல்கிறார்கள். அருமையான மருந்து. அதைக் கண்டுபிடித்த ஜப்பானின் ஓமுரா, அயர்லாந்தில் பிறந்த கேம்ப்பெல் இருவருக்கும் 2015-ல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். இதயப்புழுவைத் தடுக்கப் பத்து கிலோ நாய்க்கு மாதம் 0.06 மில்லிகிராம் போதும். மாட்டு ஊசியில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. நூற்று அறுபது மடங்குக்கு மேல். தோல் நோய்க்கு மருத்துவர் கூடுதலாகக் கொடுப்பதுண்டு. அது அவர் நாயைப் பார்த்து, எடை போட்டு, பொறுப்பேற்றுச் செய்வது. கோலி போன்ற சில இனங்களுக்கும் அவற்றின் கலப்புகளுக்கும் பிறவியிலேயே ஒரு மரபணுக் குறை இருக்கும். அவற்றின் மூளைக்குள் இந்த மருந்து புகுந்துவிடும். தள்ளாடும், பார்வை போகும், மயங்கும், சாகும். மாற்று மருந்து கிடையாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி ஊசி குத்துகிறவர்கள் இதை ஒருமுறை சத்தமாகப் படிக்கவும்.

"தெருநாய்க்கு யார் மருந்து கொடுக்கிறா? அது நல்லாத்தானே இருக்கு." பிழைத்ததை மட்டும் பார்க்கிறீர்கள். சாலையோரம் பிறந்த ஆறு குட்டிகளில் எத்தனை ஒரு வருடத்தைப் பார்த்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

தெருநாய் என்றதும் இன்னொரு செய்தி. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், பிடிக்கப்படும் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, குடற்புழு நீக்கி, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. வெறிநோய் உள்ளவற்றுக்கும் மூர்க்கமானவற்றுக்கும் விலக்கு. பிறகு பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களுக்கு வேறு உத்தரவும் வந்தது. விடலாமா கூடாதா என்று தொலைக்காட்சியில் அத்தனை பேரும் கத்தினார்கள். கருத்தடை பற்றிப் பேசினார்கள், வெறிநாய் ஊசி பற்றிப் பேசினார்கள். நடுவில் இருந்த 'குடற்புழு நீக்கி' என்ற சொல்லை ஒருவரும் தொடவில்லை. முப்பத்தைந்து வருடம் அரசாணைகளைப் படித்துக் குறிப்பெழுதியவன் சொல்கிறேன், ஒரு உத்தரவில் நடுவில் இருக்கும் சொல்தான் எப்போதும் அனாதையாகப் போகும். நிறைவேற்ற வேண்டியவர்கள் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் படித்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள்.

அதனால் நம் நகராட்சிக்கும் கால்நடைத் துறைக்கும் என் கோரிக்கை ஒன்றே. வெறிநாய்த் தடுப்பூசி முகாம் நடக்கிறதே, அதே மேசையில் ஒரு எடைக்கருவி வையுங்கள். வரும் ஒவ்வொரு நாயையும் நிறுத்திப் பூச்சி மாத்திரையைக் கையில் கொடுங்கள், அடுத்த தேதியை அட்டையில் எழுதுங்கள். புதுத் திட்டம் வேண்டாம், புது அலுவலகம் வேண்டாம், இருக்கிற வரிசையில் இன்னொரு வேலை. ஒரு முறை கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். மருந்து அன்றைக்கு இருக்கும் புழுவைக் கொல்லும், நாளைக்கு வரும் புழுவுக்கு அது காவல் இல்லை. தினமும் தெருநாய்க்குச் சோறு வைக்கும் நல்ல மனசுக்காரர்கள் நம் ஊரில் நிறைய. மருத்துவரைக் கேட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சோற்றில் மருந்தையும் சேர்த்து வைத்தால் புண்ணியம் இரட்டிப்பாகும்.

வீட்டு நாய்க்கான கணக்கு இது. வெட்டி எடுத்துக் காலண்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம். குட்டிக்கு இரண்டாவது வாரத்தில் முதல் மருந்து. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பால் மறந்து இரண்டு வாரம் ஆகும் வரை. அதன்பின் ஆறு மாதம் முடியும் வரை மாதம் ஒன்று. குட்டிக்குக் கொடுக்கும் நாட்களில் தாய்க்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு ஆண்டுக்கு நான்கு முறையாவது. எந்த மருந்து, எத்தனை என்பதை மருத்துவர் எடை பார்த்துச் சொல்வார். அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது, குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊரில் இவ்வளவு வசதி இருந்தும் பக்கத்து வீட்டுக்காரரிடம் மருந்து கேட்பானேன்?

எங்கள் வீட்டு நாய்க்கு மெதோர் என்று பெயர். நான் படித்த பிரெஞ்சுப் பாடப் புத்தகங்களில் நாய் என்றால் மெதோர்தான், நம் ஊர் மணி மாதிரி. நாட்டு நாய், பதினாறு கிலோ. அதற்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதியில் மருந்து. பென்ஷன் வந்துவிட்டதா என்று வங்கிக்குப் போய்ப் பார்க்கும் நாள் என்பதால் மறப்பதில்லை. தேதி, எடை, மருந்தின் பெயர், அளவு என்று நாலு கட்டம் போட்டு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். "ரிட்டயர் ஆகியும் ரிஜிஸ்டர் போகலையா?" என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த நோட்டில் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு கட்டம்கூடக் காலியில்லை.

நாய் வளர்க்கும் நண்பர்கள் கீழே கருத்துப் பெட்டியில் எனக்குப் பாராட்டு எழுத வேண்டாம். உங்கள் நாயின் பெயர், அதன் எடை, கடைசியாகப் பூச்சி மருந்து கொடுத்த தேதி, இந்த மூன்றையும் எழுதுங்கள். தேதி நினைவில்லை என்பவர்கள் நாளைக் காலை மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்து எழுதினால் போதும். அடுத்த பதிவில் வழக்கம்போலப் பழைய கதைதான், பதினாலு ஜூலை இரவுகளில் நாங்கள் பார்த்த தீப ஊர்வலம் பற்றி.